பழைய கணினிப் படங்களின் பெயர்ப் பட்டியலைச் சுருக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கணினி மன்றத்து மாணவர்களுக்கு,

பழைய வீட்டுக் கணினிகளில் படம் வரைந்தவர்களைப் பற்றிய கண்காட்சிக்கான பெயர்ப் பட்டியல் நேற்றிரவு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்ததும், ஏதோ தவறான கோப்பை அனுப்பிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து நாம் சேர்த்ததில் பாதிதான் இருந்தது. கூடவே உங்கள் குறிப்பு: "ஐயா, ஒரே பெயர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒரு நிரல் எழுதி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டோம். இப்போது பட்டியல் சுத்தமாக இருக்கிறது."

சுத்தமாகத்தான் இருக்கிறது. வாசலைக் கழுவுகிறேன் என்று கோலத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதை உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். தனியாக எழுதினால் கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவேன். பொதுவில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாகத் திட்ட வேண்டியிருக்கும். மேலும், பழைய நாடகக்காரர்களின் பெயர்களையும் பழைய புகைப்படக்காரர்களின் பெயர்களையும் இதே ஆர்வத்தோடு தொகுக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

அவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-இல் காமடோர் 64, இஸட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற இரண்டு வீட்டுக் கணினிகள் விற்பனைக்கு வந்தன. ஐரோப்பாவில் பள்ளிக்கூடப் பையன்கள் அவற்றில் ஓடும் விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் பிரதி எடுத்தார்கள். உடைத்தது நாங்கள்தான் என்று பறைசாற்ற, விளையாட்டு தொடங்கும் முன் ஒரு சிறு படம், கொஞ்சம் இசை, திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து என்று ஒரு முகப்பு வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே விளையாட்டு உதிர்ந்து முகப்பு மட்டும் தனிக் கலையாக நின்றது. அதற்கு டெமோ என்று பெயர். அந்தக் கூட்டத்துக்கு டெமோசீன் என்று பெயர். அமிகா, அடாரி எஸ்டி என்று அடுத்தடுத்த கணினிகளில் அது வளர்ந்தது. பின்லாந்தில் 1992 முதல் அசெம்பிளி என்ற கூடல் நடக்கிறது. ஜெர்மனியின் சார்புருக்கனில் 2011 முதல் ஈஸ்டர் விடுமுறையில் ரிவிஷன் நடக்கிறது. பின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் இதைத் தங்கள் நாட்டின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டன. நம் பக்கத்துத் தெருக்கூத்தைச் சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் சொந்தப் பெயரைப் போட்டதில்லை. செய்தது பிரதித் திருட்டு என்பதால் பயம் ஒரு பக்கம். பதினான்கு வயது என்பது இன்னொரு பக்கம். அந்த வயதில் நிழல், பேய், காகம், மந்திரவாதி, ஏதாவது ஒரு கிரேக்கக் கடவுள் என்று பெயர் வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஸ்வீடனில் ஒரு பையன் 'ஷேடோ' என்று தனக்குப் பெயரிட்டுக்கொள்ளும் அதே மாதம் ஹங்கேரியில் இன்னொருவன் அதையே வைத்துக்கொண்டால், தடுக்க ஆள் ஏது? பிளாப்பியை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிக்கொண்ட காலம். ஒருவன் இருப்பது மற்றவனுக்குத் தெரிய வருவதற்குள் இரண்டு பேரும் பத்துப் படம் வரைந்திருப்பார்கள்.

இனி உங்களிடம் நேராக வருகிறேன். நான் எதற்காக இவ்வளவு பதறுகிறேன் என்பது உங்களுக்குப் புரிய, என் வண்டவாளத்தை நானே தண்டவாளத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சேலம் அம்மாப்பேட்டையில் 26 ஆண்டுகள் ஜக்கார்டு தறி நெசவுக்கு டிசைன் வரைந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கிராப் தாளில் ஒரு கட்டம் என்றால், ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். தூரிகையால் கட்டம் கட்டமாகச் சிவப்பு வைத்து மாங்காயும் மயிலும் அன்னமும் வரைவோம். அதைப் பார்த்து அட்டை அடிப்பவர் துளை போடுவார். துளைக்கு ஏற்றபடி தறியில் இழை எழும். ஸ்பெக்ட்ரம் கணினியில் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் இரண்டே நிறம்தான் வைக்க முடியும் என்று முதன்முதலாகப் படித்தபோது, என் முதலாளியின் குரல்தான் காதில் கேட்டது. அந்தப் படங்கள்மேல் எனக்குப் பித்துப் பிடித்தது இதனால்தான். எங்கோ நார்வேயிலும் போலந்திலும் என் தொழிலை யாரோ சம்பளம் இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

எங்கள் பட்டறையில் மணி என்ற பெயரில் இருவர் இருந்தார்கள். ஒருவர் சேலத்தில் குகை என்ற பகுதிக்காரர், இன்னொருவர் இளம்பிள்ளை என்ற ஊரிலிருந்து வந்துபோகிறவர். பேச்சில் குகை மணி, இளம்பிள்ளை மணி என்போம். ஒருநாள்கூடக் குழப்பம் வந்ததில்லை. ஆனால் தாளின் கீழ் மூலையில் இருவருமே வெறும் 'மணி' என்றுதான் எழுதுவார்கள். பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர், தாளில் ஏறவில்லை.

பட்டறை மூடியபோது ஒரு தகரப்பெட்டி நிறையத் தாள்கள் என் கைக்கு வந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் நெசவைப் பற்றிய ஒரு சிறு கண்காட்சிக்கு அவற்றில் நாற்பதைக் கொடுத்தேன். குகை மணியோடு நான் நெருங்கிப் பழகியவன். அவர் காலமாகியும் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நினைவாக இருக்கட்டும் என்று, 'மணி' என்று கையெழுத்திட்டவற்றை எல்லாம் ஒரே சுவரில் மாட்டி, நடுவில் ஓர் அட்டை வைத்தேன். 'மணி. மறைந்த டிசைன் கலைஞர். குகையில் பிறந்தவர்' என்று தொடங்கி நான்கு வரி. இரண்டாவது மணியின் நினைவு எனக்கு வரவே இல்லை. பொய் சொல்லவில்லை, மறந்தே போனேன்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தார். ஓர் அன்னத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அட்டையைப் படித்தார். நேராக என்னிடம் வந்து, "ஐயா, இது எங்கள் அப்பா வரைந்த அன்னம். மூக்கை ஒரு கட்டம் கீழே இறக்கித்தான் வைப்பார். அவர் மறைந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் என்னை பஸ் ஏற்றிவிட்டதே அவர்தான்" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அட்டையைக் கழற்றிவிட்டு, அடுத்த வாரம் பெட்டியோடு இளம்பிள்ளைக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இது அவன் கை, இது என் கை என்று பிரித்துக்கொண்டே போனார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். குகை மணி கட்டத்தைக் குறுக்குக் கோடு இழுத்து நிரப்புவாராம். இவர் நடுவில் புள்ளி வைத்து விளிம்புக்குப் பரப்புவாராம். நான் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தவன், இதைக் கவனித்ததே இல்லை. சில தாள்களின் பின்பக்கம் கூலிக் கணக்கு இருந்தது. அதிலும் ஆள் தெரிந்தது. கடைசியில் சில தாள்களை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு, "இதெல்லாம் அவன் தொடங்கி நான் முடித்ததா, நான் தொடங்கி அவன் முடித்ததா, எனக்கே தெரியவில்லை" என்றார். அவற்றை ஒரு மூன்றாவது உறையில் போட்டு, மேலே 'மணி, எவர் என்று பிரிக்க முடியாதவை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த உறை இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் நிரலுக்கு வருவோம். என்ன செய்தது என்று வரி வரியாகப் படித்தேன். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாக்கியது. சுழியம் இருந்த இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தையும், எண் ஒன்று இருந்த இடத்தில் ஆங்கில 'ஐ' எழுத்தையும் போட்டது. நிறுத்தக்குறிகளை எல்லாம் அலங்காரம் என்று நீக்கியது. பிறகு, சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்ததை வெட்டி எறிந்தது.

சாய்கோட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது? குழுவின் பெயர். 'இன்ன குழுவைச் சேர்ந்த ஷேடோ' என்பதை அவர்கள் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவார்கள். அதுதான் அவர்களுடைய குகை, அதுதான் இளம்பிள்ளை. அந்தப் பையன்கள் தாளிலும் மறக்காமல் எழுதிவைத்த அடைமொழியை நீங்கள் உட்கார்ந்து நிரல் எழுதி நீக்கியிருக்கிறீர்கள்.

நிறுத்தக்குறி விஷயமும் சாதாரணமானதல்ல. எழுத்துகளைக் கணினியில் குறிக்க ஏழு பிட் மட்டுமே இருந்த காலத்தில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் தங்கள் மொழிக்கு உரிய மூன்று கூடுதல் உயிரெழுத்துகளுக்கு இடம் இல்லாமல், நெளிவு அடைப்புக்குறிகளும் அவற்றுக்கு நடுவே வரும் செங்குத்துக் கோடும் இருந்த இடங்களில் அவற்றை வைத்தார்கள். அங்கே உள்ள திரையில் அது எழுத்தாகத் தெரியும். வேறு நாட்டுத் திரையில் அடைப்புக்குறியாகத் தெரியும். நீங்கள் நீக்கியவற்றில் சில, பெயருக்குள் இருந்த உயிரெழுத்துகள். நம் பெயரில் கொம்பையும் காலையும் உதிர்த்துவிட்டு, 'கோதை'யும் 'கதை'யும் ஒருவரே என்று முடிவு செய்வது போல.

ஆக, இரண்டு மூன்று ஆட்கள் சேர்ந்து ஒருவர் ஆகிவிட்டார்கள். ஒரு வரியை எடுத்துப் பார்த்தேன். அந்த மனிதர் ஒரே ஆண்டில் ஜெர்மனியில் காமடோரிலும், டென்மார்க்கில் அமிகாவிலும், அமெரிக்காவில் எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி வரையும் எழுத்துக்குறிப் படங்களிலும் வேலை செய்திருக்கிறார். நடுவில் இசையும் அமைத்திருக்கிறார். அதைவிட வேடிக்கை, 1978-இல் அமிகாவில் படம் வரைந்திருக்கிறார். அமிகா விற்பனைக்கு வந்ததே 1985-இல். அமிகாவின் நாள்கணக்கு 1978 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. கடிகாரம் சரியாக வைக்கப்படாத கணினியில் சேமித்த கோப்பில் அந்தத் தேதி ஒட்டிக்கொள்ளும். காமடோரின் பிளாப்பி அட்டவணையிலோ தேதி என்ற இடமே கிடையாது. கோப்புத் தேதியைப் பிறப்புச் சான்றிதழ் போல நம்பாதீர்கள்.

இந்த மனிதரைப் பார்த்தபோது எனக்கு ஔவையார்தான் நினைவுக்கு வந்தார். நம் பக்கத்துக் கதை அது. தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததைப் புறநானூற்று 91-ஆம் பாட்டில் பாடிய ஔவையார் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையார் பல நூற்றாண்டு பிந்தியவர். பெயர் ஒன்றாக இருந்ததால், ஊர் வாயில் இருவரும் ஒரே கிழவி ஆனார்கள். ஒரே ஆளாக்கிவிட்டால் அவரை அத்தனை நூற்றாண்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கும் அந்த நெல்லிக்கனியே கைகொடுத்தது. கதையாக அழகுதான், நானும் என் பேத்திக்கு அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் உங்கள் பட்டியலில் மூன்று நாட்டில் ஒரே ஆண்டில் வாழ்ந்தவருக்கு எந்தக் கனியைக் கொடுப்பீர்கள்?

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் உங்களைப் போல அவசரப்படவில்லை. வெறும் 'தாமோதரனார்' என்று விடாமல் உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்றார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றார்கள். அறுவை என்றால் துணி, நம் தொழில்காரர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றார்கள். ஊர், தொழில், தகப்பன். சாய்கோடு இல்லை, அவ்வளவுதான். பெயரே கிடைக்காதவரை என்ன செய்தார்கள்? குறுந்தொகை 40-ஆம் பாட்டைப் பாடியவரை, அவர் பாட்டிலிருந்த 'செம்புலப் பெயல்நீர்' என்ற சொற்களையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் ஆக்கினார்கள். தெரியாதவரைத் தெரிந்த ஒருவரோடு சேர்த்துக் கணக்கை முடிக்கவில்லை. நானும் அந்த அன்னத்தை அப்படித்தான் விட்டிருக்க வேண்டும், மூக்கிறக்கியார் என்று.

அடைமொழி வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊரும் நகரும். 1960-இல் ஒருவர் 'சேலம் மாவட்டம்' என்று எழுதினால் அதில் தருமபுரியும் அடக்கம். 1965-இல்தான் அது தனி மாவட்டம் ஆனது. நாமக்கல் 1997-இல் பிரிந்தது. ஆத்தூர் என்று மட்டும் சொன்னால் நமக்கு நம் ஆத்தூர். திண்டுக்கல்காரருக்கு வேறு, தூத்துக்குடிக்காரருக்கு வேறு. அங்கேயும் இதே கதைதான். 'மேற்கு ஜெர்மனி' என்று 1988-இல் முகவரி போட்டவர் 1991-இல் 'ஜெர்மனி' என்று போட்டிருப்பார். செக்கோஸ்லோவாக்கியாக்காரர் 1993-இல் விடிந்தபோது செக்காகவோ ஸ்லோவாக்காகவோ ஆகிவிட்டார், வீடு மாறாமலே. நாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் இவர்கள் வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள்! அடைமொழி மாறியது என்பதற்காக ஆளைப் பிரித்துவிடாதீர்கள்.

குழுவின் பெயரே பொதுவாக இருப்பதும் உண்டு. பாரடாக்ஸ் என்ற பெயரில் அடாரி எஸ்டியில் டெமோ செய்த ஒரு குழு இருக்கிறது. அமிகாவில் பூட்டு உடைத்த இன்னொரு குழுவும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கலை நான் மறுக்கவில்லை. ஒரே ஆளுக்குப் பல பெயர் இருந்தது, பல எழுத்துக்கூட்டல் இருந்தது. ஏற்காட்டில் என் சன்னலுக்கு வெளியே தெரிவது சேர்வராயன் மலை. ஆங்கிலப் பெயர்ப்பலகையில் ஷெவராய், கோயிலில் உள்ள சாமி சேர்வராயர். மலை ஒன்றுதான். கீழே தெரியும் சேலமோ எழுத்து மாறாமல் அமெரிக்காவிலும் இருக்கிறது, ஒரேகானில் ஒன்று, மாசசூசெட்ஸில் ஒன்று. மலையைச் சேர்க்க வேண்டும், ஊரைப் பிரிக்க வேண்டும். எழுத்தை மட்டும் பார்க்கிற நிரல் இரண்டையும் தலைகீழாகத்தான் செய்யும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். முதலில், எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறேன். படத்தில் என்ன வரைந்திருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். "இரண்டிலும் வாளேந்திய வீரன் இருக்கிறான், ஐயா, ஒரே பாணி" என்று உங்களில் ஒருவர் வாதாடினார். பிராங்க் பிரசெட்டா, போரிஸ் வாயெகோ என்ற இரண்டு ஓவியர்களின் புத்தக அட்டைகளைப் பார்த்து வரையாத பையனை அந்தக் கூட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பட்டறையில் எல்லோரும் அன்னம் வரைந்ததைப் போல. பார்க்க வேண்டியது மூக்கை. இரண்டு நிறம் சேரும் விளிம்பை எப்படி மழுக்குகிறார், இடைநிறத்துக்குப் புள்ளியை ஒன்றுவிட்டு ஒன்று தெளிக்கிறாரா, கோடாக இழுக்கிறாரா, காமடோரின் நிரந்தரமான 16 நிறங்களில் எதை எதன் பக்கத்தில் வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். இதற்குக் கண் பழக வேண்டும். ஆறு மாதம் ஆகும். ஆகட்டும்.

கோப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்பெக்ட்ரமின் ஒரு திரை அளவுப் படம் சரியாக 6,912 பைட். அதில் 6,144 புள்ளிகளுக்கு, 768 நிறங்களுக்கு. காமடோரில் கோவாலா என்ற வரைவு நிரலில் வரைந்த படம் 10,003 பைட். அதிலும் வரைந்தவர் பெயருக்கு ஒரு பைட்கூட மிச்சம் இல்லை. அதனால்தான் அவர்கள் படத்துக்குள்ளேயே, பாறையின் நிழலில், புள்ளி புள்ளியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அமிகாவுக்காக 1985-இல் வந்த கோப்பு வடிவத்தில் ஆசிரியர் பெயருக்கு ஒரு தனிப்பெட்டி உண்டு. நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துக்குறிப் படக்காரர்கள்தான் புத்திசாலிகள். 1994-இல் சாஸ் என்ற முறையைக் கொண்டுவந்து கோப்பின் வாலில் 128 பைட் சீட்டு ஒன்றை ஒட்டினார்கள்: தலைப்புக்கு 35 எழுத்து, வரைந்தவருக்கு 20, குழுவுக்கு 20, தேதிக்கு 8. பெயரையும் குழுவையும் அவர்கள் தனித்தனிப் பெட்டியில் வைத்ததைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு பெட்டியைப் படித்துவிட்டு அடுத்ததை மூடிவிட்டீர்கள்.

அமிகா இசைக்கோப்பில் 31 ஒலி மாதிரிகளுக்குப் பெயர் வைக்க ஒவ்வொன்றுக்கும் 22 எழுத்து இடம் உண்டு. பையன்கள் அங்கே ஒலியின் பெயரை எழுதாமல் தங்கள் பெயர், குழு, நண்பர்களுக்கு வணக்கம் என்று கடிதமே எழுதி வைத்தார்கள். எங்கள் தாளின் பின்பக்கக் கூலிக் கணக்கு அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஓடும் எழுத்து. அலுப்பாகத்தான் இருக்கும், எழுத்துப்பிழை மலிந்திருக்கும், பாதி பீற்றலாக இருக்கும். ஆனால் 'முன்பு இன்ன குழுவில் இருந்த இன்னார் இப்போது எங்களோடு' என்று அதில்தான் வரும். குழு மாறியவரையும் பெயர் ஒத்தவரையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வரிதான். 'அந்தக் குழுவில் இருக்கும் என் பெயர்க்காரன் நான் இல்லை' என்று அவர்களே எரிச்சலோடு சொல்லும் இடங்களும் உண்டு. நிறுத்தி நிறுத்திப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து என்னோடு வாதாடுங்கள், நான் கேட்கிறேன்.

ஏற்கெனவே இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்கிறவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2001-இல் தொடங்கிய காமடோர் 64 தொகுப்பில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். பெயர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரட்டும், எண் திரும்பாது. டெமோஜூ என்ற இணையத் தொகுப்பில் ஓர் ஆளுக்குக் கீழே அவர் வைத்துக்கொண்ட பெயர்கள் எல்லாம் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு பெயரின் கீழும் அதன் எழுத்து வேறுபாடுகள் நிற்கும். ஒரே பெயருள்ள குழுக்களுக்குப் பக்கத்தில் பிரித்தறிய ஒரு குறிப்புச் சொல் இருக்கும். படத்தின் கீழே வரைந்தபோது அவருக்கு என்ன பெயரோ அதுதான் வரும். பிற்பாடு அவர் பிரபலமான பெயரைக் கொண்டுவந்து ஒட்டமாட்டார்கள். இதில் எதற்கும் நாம் புதிதாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்யப்போகும் அடுத்த காரியத்தை ஊகித்து முன்கூட்டியே தடுக்கிறேன். "அப்படியானால் சொந்தப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் குழப்பமே இல்லையே, ஐயா" என்பீர்கள். தேவையில்லை. அன்று அந்தப் பையன்கள் செய்ததில் பாதி சட்டத்துக்குப் புறம்பானது. இன்று அவர்கள் ஐம்பது வயதுக்காரர்கள், எங்கோ ஆசிரியராக, கணக்கராக இருக்கலாம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். நமக்கு வேண்டியது இவர் அவர் இல்லை என்பது மட்டும். எண் 1, எண் 2 போதும்.

செய்ய வேண்டியது இதுதான். சுருக்கிய பட்டியலை வைத்துக்கொண்டு பிரிக்க முயலாதீர்கள், முடியாது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்ற தடமே அதில் இல்லை. சாயம் கலந்த தண்ணீரிலிருந்து சாயத்தை எடுப்பது போல. பழைய பிரதி உங்களில் யாராவது ஒருவரிடம் இருக்கும். எந்த நிரலிலும் கை வைக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரே இரண்டு இடத்தில் இருப்பதாகத் தோன்றினால் இரண்டையும் அப்படியே விட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, எதனால் அப்படித் தோன்றுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 'இன்ன டெமோவின் ஓடும் எழுத்து' என்று எழுதினால் நான் சேர்த்துக்கொள்வேன். 'பெயர் ஒன்றாக இருக்கிறது' என்று எழுதினால் சேர்க்கமாட்டேன். கண்காட்சி தள்ளிப்போனால் போகட்டும். அச்சடித்த அழைப்பிதழ்களைப் பற்றி மன்றத்துப் பொறுப்பாளரிடம் நானே பேசிக்கொள்கிறேன், திட்டு என்னோடு போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்காவது தலை சுற்றினால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். போன முறை பின்சீட்டில் உட்கார்ந்து வந்த தம்பிக்கு இது தனியாக. பழைய பிரதியை மறக்காதீர்கள். வெற்று உறைகள் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாவது உறை நமக்கு நிறையத் தேவைப்படும். இளம்பிள்ளை மணி அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காமடோர் படங்களைக் காட்டச் சொல்லிக் கேட்டார். பத்துப் படத்தைப் பெயரை மறைத்து அவர் முன்னால் பரப்புவோம். எத்தனை கை என்று அவர் சொல்லட்டும்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து உங்கள் பழைய டிசைன்காரன்